ஓக் மரம் வாடினால் எங்கே தேடுவது: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

ஓக் மரத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்றால் எல்லாரும் முதலில் ஓர் இலையைப் பறித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். நான் முதலில் குந்தி உட்கார்ந்து தூரைப் பார்ப்பேன். அடுத்து ஒரு கேள்வி கேட்பேன்: கடந்த ஐந்து வருஷத்தில் இந்த மரத்தைச் சுற்றி என்னவெல்லாம் நடந்தது? நட்டது, பள்ளம் தோண்டியது, மண் கொட்டி மேடாக்கியது, புல்லுக்கு மருந்து தெளித்தது, எல்லாம் வேண்டும். காய்கறிச் செடியானால் நேற்று செய்த தப்பு நாளைக்கே இலையில் தெரிந்துவிடும். ஓக் வேரிலும் தண்டிலும் மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கும் மரம். அந்தக் கையிருப்பை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று வருஷம் ஒன்றுமே நடக்காதது போல நிற்கும். இன்று தெரிகிற மஞ்சளுக்கு இந்த வாரத்தில் காரணம் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

தமிழில் கருவாலி என்று பெயர் உண்டு. ஆனாலும் ஓக் என்றே எழுதுகிறேன், அதுதான் எல்லாருக்கும் புரிகிறது. ஓக்கில் நானூறுக்கும் மேற்பட்ட இனங்கள். உங்கள் மரம் எந்தக் கூட்டம் என்று தெரியாமல் நோய் பார்க்கக் கூடாது. இலையின் மடல்கள் உருண்டையாக முடிந்தால் வெள்ளை ஓக் கூட்டம்: வெள்ளை ஓக், பர் ஓக், ஆங்கில ஓக் இதில் வரும். மடல் நுனியில் மெல்லிய முள் மயிர் நீட்டிக்கொண்டிருந்தால் சிவப்பு ஓக் கூட்டம்: சிவப்பு ஓக், பின் ஓக், வில்லோ ஓக். வில்லோ ஓக்குக்கு மடலே கிடையாது, ஆனால் இலை நுனியில் அந்த ஒற்றை மயிர் இருக்கும். இந்த ஒரு மயிர் கீழே பல இடங்களில் தீர்ப்பை மாற்றும்.

கொட்டை முளைக்கவேயில்லை

பயறு விதை போல ஓக் கொட்டையைக் காயவைத்து டப்பாவில் போட்டு வைக்க முடியாது. காய்ந்தால் செத்துவிடும். பொறுக்கிய அன்றே தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். மூழ்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். மிதப்பதில் பெரும்பாலும் கூன்வண்டின் புழு இருக்கும். ஓட்டில் குண்டூசித் தலையளவு வட்டமான ஓட்டை தெரிந்தால் புழு உள்ளே தின்று முடித்து வெளியே போய்விட்டது. லேசாக உலர்ந்துபோன நல்ல கொட்டையும் மிதக்கும், அதனால் சந்தேகமானதை இரவு முழுக்க ஊறவிட்டு மறுநாள் இன்னொரு தரம் பார்க்கலாம்.

மூழ்கிய கொட்டையும் முளைக்கவில்லையா? இங்கேதான் கூட்டம் முக்கியம். வெள்ளை ஓக் கூட்டத்துக் கொட்டை விழுந்த சில நாளிலேயே, குளிர் தொடங்குமுன், வேரை இறக்கிவிடும். அதை உடனே விதைக்க வேண்டும். சிவப்பு ஓக் கூட்டத்துக்கு ஈரமான குளிர் தேவை: ஈர மணலிலோ மரத்தூளிலோ கலந்து, 1 முதல் 5 டிகிரி செல்சியஸில் 6 முதல் 12 வாரம். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டு போதும். உறையும் அறையில் வைத்தால் அத்தோடு கதை முடிந்தது. பக்கவாட்டில் படுக்க வைத்து 3 சென்டிமீட்டர் ஆழத்தில் விதையுங்கள், மேலே கம்பி வலை போட்டு அழுத்தி வையுங்கள். வலை போடாதவர் அணிலுக்கு விதைத்தவர்.

தொட்டியில் விதைத்தால் ஆழமான தொட்டி வேண்டும். ஓக் நாற்று மேலே ஒரு சாண் காட்டும்போது கீழே ஆணிவேர் எத்தனையோ மடங்கு இறங்கியிருக்கும். பர் ஓக் வேர் நல்ல மண்ணில் முதல் பருவத்திலேயே ஒரு மீட்டரைத் தாண்டும். சின்னத் தொட்டியில் அது அடியில் முட்டி, சுருண்டு, வட்டமடிக்கும். அந்த வட்டம்தான் வருஷங்கள் கழித்து தண்டை நெரிக்கும் வேராக வரும்.

நட்டு இரண்டு மூன்று வருஷமாகிறது, வளரவே காணோம்

ஓரளவு இது இயற்கை. தோண்டி எடுத்து வரும் கன்று தன் வேரில் பெரும்பகுதியை வந்த இடத்திலேயே விட்டுவிட்டு வருகிறது. குளிர் நாடுகளில் மரம் வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்கு: தண்டின் தடிமன் இரண்டரை சென்டிமீட்டருக்கு ஒரு வருஷம், வேர் பழைய நிலைக்குத் திரும்ப. அஞ்சு சென்டிமீட்டர் தண்டானால் இரண்டு வருஷம் பொறுக்கலாம். பத்து சென்டிமீட்டர் தடிமனில் வாங்கி வந்து நட்டவர் நான்கு வருஷம் காத்திருக்க, பக்கத்தில் கொட்டை விதைத்தவரின் மரம் எட்டிப் பிடித்துவிடும். நான் சிறிய கன்றையே சிபாரிசு செய்வேன்.

அந்தக் கணக்கைத் தாண்டியும் நின்ற இடத்திலேயே நின்றால் தூரைப் பாருங்கள். மரத்தின் அடி, யானைக்கால் போலப் பரந்து மண்ணுக்குள் இறங்க வேண்டும். நட்டு வைத்த மின்கம்பம் போல நேராக இறங்கினால் ஆழமாக நட்டிருக்கிறார்கள்.

ஒருமுறை நான்கு வருஷமாக விரல் நீளம்கூட ஓடாத ஒரு பர் ஓக்கைப் பார்த்தேன். இலை சிறுத்து, தளிர் குட்டையாக, பார்க்கவே பாவமாக இருந்தது. உரம் போட்டுப் போட்டு அலுத்திருந்தார்கள். கைக்கரண்டியால் தூரைச் சுற்றி மண்ணை எடுத்தேன். நாலு விரல் ஆழத்தில் வேர் இல்லை. எட்டு விரல் ஆழத்திலும் இல்லை. பதினாலு சென்டிமீட்டரில்தான் முதல் வேர் வந்தது. அதுவரைக்கும் மண்ணுக்குள் கிடந்த பட்டை கறுத்து, ஈரமாக, நகம் பட்டதும் உரிந்தது. அதற்குச் சற்றுக் கீழே, வேர்க்கட்டியைச் சாக்கோடு சேர்த்துக் கட்டிய நைலான் கயிறு அப்படியே இருந்தது, தண்டுக்குள் ஒரு கோடாகப் புதைந்து. கயிற்றை அறுத்து எடுத்தபோது பள்ளத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்த முடிந்தது. எந்த உரம் அந்தக் கழுத்தைத் தாண்டி மேலே போகும்?

செய்ய வேண்டியது இதுதான். நட்டு ஓரிரு வருஷமே ஆன கன்றானால், இலை உதிர்ந்து தூங்கும் பருவத்தில் தோண்டித் தூக்கி, முதல் வேர் மண்மட்டத்தில் தெரியும்படி மறுபடி நடுங்கள். நாட்பட்டதானால் தூக்க வேண்டாம்; முதல் வேர் தெரியும் வரை சுற்றி மண்ணை எடுத்துத் தட்டு போல அகலமாகச் சரித்துவிடுங்கள். தண்டைச் சுற்றி வளைந்து நெரிக்கும் வேர் விரல் தடிமனுக்குள் இருந்தால் உளியால் வெட்டலாம். தண்டோடு ஒட்டிப் பதிந்துவிட்ட தடித்த வேர்கள் பல இருந்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டாதீர்கள், வருஷத்துக்கு ஒன்றிரண்டாக எடுங்கள்.

புதிதாக நடப்போகிறவருக்கு: குழி வேர்க்கட்டியைப்போல் இரண்டு மூன்று மடங்கு அகலம், ஆழம் மட்டும் வேர்க்கட்டி அளவே. தோண்டி எடுத்த அதே மண்ணைத் திருப்பிப் போடுங்கள். குழிக்குள் மட்டும் தொழுவுரமும் கரியும் கலந்து மெத்தை போட்டால் வேர் அந்தச் சுகத்தை விட்டு வெளியே வராது. மூடாக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர், தண்டைத் தொடாமல். தண்டைச் சுற்றி எரிமலை போலக் குவித்து வைப்பதை ஏன் எல்லா இடத்திலும் செய்கிறார்கள் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை. முட்டுக்கம்பு கட்டியிருந்தால் ஒரு வருஷத்தில் அவிழ்த்துவிடுங்கள். ஆடினால்தான் தண்டு தடிக்கும்.

தண்ணீர்: தண்டின் தடிமன் இரண்டரை சென்டிமீட்டருக்கு எட்டு முதல் பத்து லிட்டர் என்று ஒரு தடவைக்குக் கணக்கு வைக்கலாம். முதல் சில வாரம் அடிக்கடி, பிறகு இடைவெளி விட்டு. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, இரண்டாவது கணு வரை காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். புல்தரைக்குத் தினம் தெளிக்கும் தூவான் இதற்குக் கணக்கில் சேராது. அது மேல்மண்ணை மட்டும் நனைக்கும்.

இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இலை முழுக்க வெளிறி, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடாக நிற்கின்றன. நுனியில் வரும் புதுத் தளிரில் அதிகம், கீழே உள்ள பழைய இலையில் குறைவு. இது இரும்புச்சத்துக் குறைபாடு. இதில் பின் ஓக் தலைவர். சிவப்பு ஓக்கும் வில்லோ ஓக்கும் அடுத்த வரிசை.

மண்ணில் இரும்பு இல்லாததால் வருவது அரிது. மண் காரமாக இருப்பதால் இரும்பு கரையாமல், வேருக்கு எட்டாத வடிவில் கிடக்கிறது. மண்ணின் புளிப்பையும் காரத்தையும் காட்டும் பிஹெச் அளவு 7-ஐத் தாண்டினாலே பின் ஓக் தடுமாறத் தொடங்கும். வீட்டுச் சுவர், சிமெண்ட் நடைபாதை ஓரமாக நட்டிருந்தால் மழையோடு கரைந்து வரும் சுண்ணாம்பும் சேரும். கட்டட இடிபாட்டை மூடிப் புல் போட்ட நிலமானால் கேட்கவே வேண்டாம். நீர் தேங்கும் இறுகிய மண்ணும் இதே மஞ்சளைக் கொடுக்கும், அதனால் பிஹெச் பார்க்குமுன் ஒரு முழம் தோண்டி மண் நாறுகிறதா என்று முகர்ந்து பாருங்கள். நாறினால் பிரச்சினை வடிகால்.

மண்ணைச் சோதனைக்கு அனுப்புவது நல்லது. அதற்குள் வீட்டிலேயே ஒன்று செய்யலாம்: ஒரு பிடி உலர்ந்த மண்ணில் கொஞ்சம் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் மண்ணில் கரையாத சுண்ணாம்பு தனியாகக் கிடக்கிறது என்று பொருள். இந்த மண்ணில் கந்தகம் போட்டுப் புளிப்பாக்குவது ஆற்றைச் சர்க்கரையால் இனிப்பாக்குவது மாதிரி. எவ்வளவு போட்டாலும் சுண்ணாம்பு அதைத் தின்றுவிடும். நுரைக்காமல், பிஹெச் கொஞ்சம் மட்டும் கூடியிருந்தால் கந்தகத் தூள் வேலை செய்யும். நுண்ணுயிர்கள்தான் அதை அமிலமாக்க வேண்டும், ஆகவே மாதங்கள் ஆகும்.

இரும்பு கொடுப்பதில் ஒரு நுணுக்கம். அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) காரமண்ணில் கொட்டினால் சில நாளில் அதுவும் கட்டிப்போய்விடும். கூட்டுப் பிணைப்பு (chelate) இரும்பு என்று விற்பதிலும் வகை உண்டு: இ.டி.டி.ஏ. (EDTA) வகை காரமண்ணில் இரும்பைக் கைவிட்டுவிடும், இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகை தாக்குப் பிடிக்கும். பொட்டலத்தின் பின்பக்கச் சிறு எழுத்தைப் படித்து வாங்குங்கள். துளிர்க்கும் காலத்தில் வேர் பரப்பில் கரைத்து ஊற்றினால் அந்த வருஷத் தளிர் பச்சையாகும். பெரிய மரத்துக்குத் தண்டில் துளையிட்டுச் செலுத்தும் முறை உண்டு. பலன் ஓரிரு வருஷம் நிற்கும், ஆனால் ஒவ்வொரு துளையும் ஒரு காயம்.

மூன்றாவது வருஷமும் மஞ்சளாகி, இலை நடுவில் பழுப்புத் திட்டு விழுந்து, நுனிக் கொப்பு காய ஆரம்பித்தால், மனதைத் தேற்றிக்கொண்டு இனத்தை மாற்றுவது நல்லது. பர் ஓக், சின்காப்பின் ஓக், ஆங்கில ஓக் மூன்றும் காரமண்ணைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. இருபது வருஷம் ஒரு பின் ஓக்குக்கு இரும்பு ஊட்டிக்கொண்டிருப்பது தோட்ட வேலையில் சேராது.

இலை ஓரம் கருகுகிறது

வெப்பமும் வறட்சியும் என்றால் கருகல் மரம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி, வெயில் படும் பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஆழமாகத் தண்ணீர் விட்டால் அடுத்த வருஷம் சரியாகும். சாலை ஓரத்துப் பக்கம் மட்டும் கருகினால், குளிர்காலத்தில் பனியைக் கரைக்கத் தூவிய உப்பை நினைத்துப் பாருங்கள். இலை சுருண்டு, கிண்ணம்போல் வளைந்து, காம்பு முறுக்கிக்கொண்டிருந்தால் களைக்கொல்லி: புல்தரைக்கு உரமும் களைமருந்தும் கலந்து வரும் பொடியில் 2,4-டி போன்றவை இருக்கும், ஓக்கின் வேர் அந்தப் புல்லுக்கு அடியில்தான் இருக்கிறது.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. கோடைக் கடைசியில் தொடங்கும். ஓரத்தில் பழுப்பு, உள்ளே பச்சை, இரண்டுக்கும் நடுவில் மங்கலான மஞ்சள் வளையம். முதல் வருஷம் ஒரு கிளை. அடுத்த வருஷம் அதே கிளையும் பக்கத்துக் கிளையும். இப்படி வருஷா வருஷம் திரும்ப வந்து பரவினால் அது பாக்டீரியா இலைக்கருகல். சைலெல்லா என்ற பாக்டீரியா நீர்க்குழாய்களை அடைக்கிறது, சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சிகள் பரப்புகின்றன. குணமாக்க மருந்து கிடையாது. செத்த கொப்பை நீக்கி, தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொண்டால் சில வருஷம் ஓடும். இதற்குள் பக்கத்தில் வேறு இன மரம் ஒன்றை நட்டுவிடுங்கள்.

நடுக்கோடையில் உச்சியிலிருந்து வாடி, பச்சையாகவே இலை கொட்டுகிறது

இதில் மட்டும் நாள் கடத்தக் கூடாது. ஓக் மரத்தின் வழக்கமான தாமதம் இங்கே கிடையாது. சிவப்பு ஓக் கூட்டத்து மரம் ஒன்று உச்சியில் வாடத் தொடங்கி, இலை நுனியிலிருந்து பாதி வரை வெண்கல நிறமாகி, மீதிப் பாதி பச்சையாக இருக்கும்போதே உதிர்ந்து, சில வாரத்தில் மொட்டையானால், ஓக் வாடல் நோயைச் சந்தேகிக்க வேண்டும். பிரெட்சியெல்லா என்ற பூஞ்சை. இதுவரை வட அமெரிக்காவில்தான் உண்டு. 2023-இல் கனடாவின் ஒன்டாரியோவிலும் கண்டுபிடித்தார்கள். மற்ற நாட்டில் இருப்பவர் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம், ஆனால் வேறு காரணத்தால் வாடுகிற மரத்தையும் கொஞ்சம் விரைவாகவே கவனியுங்கள்.

வாடிய கிளையில் பட்டையைச் சீவிப் பார்த்தால் வெளி மரத்தில் பழுப்புக் கோடுகள் ஓடும். எல்லா நேரமும் தெரியாது. ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் உறுதி. வெள்ளை ஓக் கூட்டத்து மரம் இதே நோயோடு சில வருஷம் இழுத்துப் பிடிக்கும், சிலது தப்பியும் விடும். முள் மயிர் உள்ள இலையா என்று முதலில் பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான்.

பரவுவது இரண்டு வழியில். பக்கத்துப் பக்கத்து ஓக்குகளின் வேர்கள் மண்ணுக்குள் ஒட்டிக்கொண்டு ஒரே குழாயாகிவிடும். ஒன்றின் நோய் அடுத்ததற்கு அப்படியே போகும். அதை நிறுத்த மரங்களுக்கு நடுவே இயந்திரத்தால் ஆழமாக அகழி வெட்டி வேர்களைத் துண்டிப்பார்கள். முக்கியமான ஒன்று: அகழி வெட்டிய பிறகுதான் நோயுற்ற மரத்தை வெட்ட வேண்டும், வரிசை மாறக் கூடாது. இரண்டாவது வழி சாறு வண்டுகள். செத்த சிவப்பு ஓக்கின் பட்டைக்குள் பூஞ்சை பாய் போலப் படர்ந்து, பழம் அழுகியது போன்ற இனிப்பு வாடை விடும். வண்டு அதில் மேய்ந்துவிட்டு, அடுத்ததாகப் புதுக் காயம் உள்ள ஓக்கைத் தேடிப் போகும்.

ஆகவே நோய் உள்ள பகுதிகளில் வசந்தம் முதல் கோடை நடுப்பகுதி வரை ஓக்கைக் கவாத்து செய்யவே கூடாது. புயலில் கிளை முறிந்தால் அந்த நிமிஷமே வெட்டுவாயில் பெயிண்ட் அடியுங்கள். மரக்காயத்துக்குப் பூச்சு பூசாதே என்றுதான் எல்லா இடத்திலும் நான் சொல்வேன், இது ஒன்றுதான் விதிவிலக்கு. செத்த மரத்தின் விறகைப் பட்டையோடு வேறு ஊருக்கு ஏற்றிப் போவது நோயைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பதற்குச் சமம்.

குளிர் முடிந்ததும் கிளை நுனிகள் காய்ந்து நிற்கின்றன

குளிர் தாங்கும் இனம் என்று சொல்லித்தானே வாங்கினோம் என்பார்கள். பர் ஓக் மைனஸ் 40 டிகிரியையே தாங்கும் மரம். (செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்று கேட்க வேண்டாம், அந்தப் புள்ளியில் இரண்டும் ஒன்றுதான்.) ஆனால் அந்தத் தாங்குதிறன் இனத்தின் பெயரில் மட்டும் இல்லை, கொட்டை விழுந்த இடத்திலும் இருக்கிறது. தெற்கே வெப்பமான பகுதியில் நிற்கும் தாய்மரத்தின் கொட்டையை வடக்கே கொண்டுபோய் நட்டால், நாள் குறுகுவதைப் பார்த்துத் தூங்கப் போக வேண்டிய நேரத்தில் அது இன்னும் துளிர்த்துக்கொண்டிருக்கும். முற்றாத தளிர் உறைபனியில் கருகும். கன்று வாங்கும்போது இனத்தைக் கேட்பதோடு, கொட்டை எங்கே பொறுக்கியது என்றும் கேளுங்கள்.

நல்ல விதைமூலமாக இருந்தும் நுனி காய்ந்தால், கோடைக் கடைசியில் தழைச்சத்து உரம் போட்டீர்களா என்று யோசியுங்கள். அதுவும் இதே வேலையைச் செய்யும். காய்ந்த நுனியை உடனே வெட்டாமல் துளிர் வரும் வரை பொறுத்து, உயிருள்ள மொட்டுக்கு மேல் வெட்டுங்கள். தண்டில் நெடுக்காக ஒரு பிளவு விழுந்திருந்தால் அது பனி வெடிப்பு. கம்பி கட்டவோ சிமெண்ட் பூசவோ வேண்டாம், மரம் தானே இரண்டு பக்கமும் தடித்து மூடிக்கொள்ளும்.

பயமுறுத்தும், ஆனால் பெரும்பாலும் ஒன்றுமில்லை

இலையில் வெள்ளை மாவு: சாம்பல் நோய். ஐரோப்பாவில் 1907 வாக்கில் தலைகாட்டி, சில வருஷத்தில் கண்டம் முழுக்கப் பரவிய பூஞ்சை. கோடை நடுவில் வரும் இரண்டாம் தளிரை அதிகம் பிடிக்கும். பெரிய மரத்தில் விட்டுவிடுங்கள். நாற்றங்கால் கன்றானால் காற்றோட்டம் கொடுங்கள், தேவைப்பட்டால் நனையும் கந்தகம் தெளியுங்கள்.

இலையிலும் கொப்பிலும் உருண்டைகள்: மிகச்சிறிய குளவிகள் முட்டையிட்ட இடத்தில் மரம் கட்டிக்கொடுத்த வீடு. மாசிக்காய் என்று நமக்குத் தெரிந்த பொருள் இதே போல ஒரு வகை ஓக்கில் உண்டாகும் உருண்டைதான். இதன் துவர்ப்பையும் அன்னபேதியையும் கலந்துதான் ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் எழுதும் மை செய்தார்கள். மருந்து தேவையில்லை. கொப்பைச் சுற்றி முடிச்சு முடிச்சாக வந்து நுனி காய்ந்தால் மட்டும் அந்தக் கொப்பை வெட்டுங்கள்.

குளிர்காலத்தில் பழுப்பு இலை உதிராமல் தொங்குகிறது: இளம் ஓக்கின் குணம். வசந்தத்தில் மொட்டு தள்ளும்போது விழும். என்றும் பச்சையான லைவ் ஓக்கில் இதற்கு நேர்மாறு. வசந்தத்தில் பழைய இலை மொத்தமாகக் கொட்டி, சில வாரத்தில் புதியது வரும்.

பச்சை இலையோடு நுனிக் கொப்புகள் தரையில் கிடக்கின்றன: ஒன்றை எடுத்து வெட்டுவாயைப் பாருங்கள். சாய்வாகக் கடித்திருந்தால் அணில். வட்டமாக, வழுவழுப்பாக, நடுவில் ஒரு துளையோடு இருந்தால் கொப்பு வெட்டும் வண்டின் புழு உள்ளே இருக்கிறது. கூட்டி அள்ளி எரித்துவிடுங்கள்.

கொட்டை காய்க்கவில்லை: பல இனங்கள் 20 வருஷத்துக்கு முன் வாய் திறக்காது, ஆங்கில ஓக் 40 வருஷம்கூட எடுத்துக்கொள்ளும். காய்த்த மரமும் ஒரு வருஷம் கொட்டித் தீர்த்துவிட்டு அடுத்த சில வருஷம் சும்மா இருக்கும்.

கம்பளிப்பூச்சி மொத்த இலையையும் தின்றுவிட்டது

ஒருமுறை மொட்டையானால் கையிருப்பிலிருந்து மறுபடி துளிர்க்கும். அந்தக் கோடையில் தண்ணீர் மட்டும் குறைக்காதீர்கள், உரம் வேண்டாம். இரண்டு மூன்று வருஷம் தொடர்ந்து மொட்டையானால்தான் ஆபத்து, அதுவும் வறட்சி சேர்ந்தால். வட அமெரிக்காவில் ஓக்கை மொட்டையடிப்பதில் முன்னணியில் நிற்கும் ஸ்பாஞ்சி அந்துப்பூச்சி அந்த மண்ணுக்கு உரியதல்ல. 1860-களின் கடைசியில், பட்டு ஆராய்ச்சிக்கென்று எத்தியென் த்ரூவெலோ என்பவர் ஐரோப்பாவிலிருந்து மாசசூசெட்ஸுக்குக் கொண்டுவந்து வளர்த்தது, வீட்டிலிருந்து தப்பியது. அதன் முட்டைகள் இளம் பழுப்புப் பஞ்சுத் திட்டாக, தண்டிலும் கிளையின் அடிப்பக்கத்திலும் குளிர்காலம் முழுக்க ஒட்டியிருக்கும். கத்தியால் சுரண்டி சோப்புத் தண்ணீர் டப்பாவில் போடுவது இன்றைக்கும் நல்ல வைத்தியம். புழு சிறிதாக இருக்கும்போது பி.டி. பாக்டீரியா மருந்து பலிக்கும், பெரிதானபின் பலிக்காது.

ஐரோப்பாவில் ஒன்றின்பின் ஒன்றாக ஊர்வலம் போகும் ஓக் கம்பளிப்பூச்சியைப் பார்த்தால் கிட்டப் போகாதீர்கள். அதன் மயிர் தோலையும் கண்ணையும் மூச்சையும் பாதிக்கும். பழைய கூட்டிலும் அந்த மயிர் இருக்கும்.

பெரிய மரம், உச்சி மட்டும் காய்ந்துகொண்டே வருகிறது

நாற்பது அம்பது வருஷ மரம். உச்சியில் இலை சிறுத்து, வெளிச்சம் ஊடுருவித் தெரிகிறது. முதலில் கேட்க வேண்டியது: வீடு எப்போது கட்டினீர்கள், பாதை எப்போது போட்டீர்கள்? பதில் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு வருஷத்துக்குள் இருக்கும்.

ஓக்கின் ஆணிவேரை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். சிறு வயதில் ஆழ இறங்கும் அந்த வேர், வளர்ந்த மரத்தில் முக்கியத்துவம் இழந்துவிடும். உணவும் நீரும் எடுக்கும் வேர்களில் பெரும்பகுதி மேல் அரை மீட்டருக்குள் படுக்கையாக, கிளை விரிவையும் தாண்டிப் போகிறது. லாரி ஏறி மண்ணை இறுக்கினாலே அவை மூச்சுத் திணறும். மேலே ஒரு முழம் மண் கொட்டினாலும் அதே கதி. குழாய்க்குப் பள்ளம் வெட்டினால் ஒரு பக்கமே போகும்.

காக்க வேண்டிய இடத்துக்கு ஒரு கணக்கு: நெஞ்சு உயரத்தில் தண்டின் குறுக்களவைப் பன்னிரண்டால் பெருக்கினால் வரும் தூரம். அரை மீட்டர் தடிமன் என்றால் சுற்றிலும் 6 மீட்டர். வேலை தொடங்குமுன் அங்கே வேலி போடுங்கள், சிமெண்ட் மூட்டைகூட உள்ளே அடுக்கக் கூடாது.

நடந்து முடிந்துவிட்டதா? கொட்டிய மண் ஓரிரு வருஷத்துக்குள் என்றால் கையால் எடுத்துவிடுங்கள். இறுகிய மண்ணைக் காற்றழுத்தக் கருவியால் தளர்த்தி, புல்லை நீக்கி, வேர்ப்பரப்பில் மரச்சீவல் மூடாக்கு போடுங்கள். வறண்ட வாரங்களில் ஆழமாக நீர் விடுங்கள். இதில் விதிவிலக்கு, கோடையில் மழையே இல்லாத கலிபோர்னியா போன்ற நிலத்து ஓக்குகள்: அவை வறண்ட கோடைக்குப் பழகியவை, புதிதாகப் புல்தரை போட்டுத் தூருக்குத் தினமும் தண்ணீர் விட்டால் வேர் அழுகல் பூஞ்சை கிளம்பிவிடும். அங்கே தூரைச் சுற்றி இரண்டு மூன்று மீட்டர் வறண்டே இருக்கட்டும்.

தூரில் காளான், பட்டையில் கறுப்புக் கசிவு

மழைக்குப்பின் புல்லில் முளைக்கும் எல்லாக் காளானும் எதிரியல்ல. பல வகை வேரோடு கூட்டுக் குடும்பம் நடத்துபவை. தூரிலேயே ஒட்டி, அலமாரித் தட்டு போல நீட்டிக்கொண்டிருந்தால், அல்லது தேன் நிறக் கொத்தாக வந்தால் உள்ளே அழுகல். பட்டையைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள்: வெள்ளை விசிறி போலப் பூஞ்சை படர்ந்து, கறுப்பு ஷூக்கயிறு போன்ற இழைகள் ஓடினால் தேன்காளான். கட்டைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், மத்தளம் போல ஒலித்தால் உள்ளே பொந்து. கீழே வீடோ நடைபாதையோ இருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டு, மர வைத்தியம் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். இதைப் படித்துச் செய்யக்கூடிய வேலையல்ல அது.

கசிவுக்குப் பல காரணம். புல்வெட்டி இயந்திரம் இடித்த பழைய காயத்தில் புளித்த நீர் வழிவது சாதாரணம். கலிபோர்னியா, ஓரிகான் கடலோரத்தில் கசிவு ரத்தச் சிவப்பாக, காயமே இல்லாத பட்டையில் வந்தால், 1990-களில் கலிபோர்னியாவில் தலைதூக்கிய திடீர் ஓக் மரணம் என்ற நோயின் அடையாளமாக இருக்கலாம். மாதிரி கொடுத்துச் சோதிக்காமல் மண்ணையோ விறகையோ வெளியே கொண்டுபோகாதீர்கள்.

வசந்தம் வந்தும் துளிர்க்கவில்லை

ஓக் பல மரங்களுக்குப் பின்தான் கண் விழிக்கும். பக்கத்து மரமெல்லாம் பச்சையாகிவிட்டதே என்று கோடரியை எடுக்காதீர்கள். நுனிக் கொப்பில் நகத்தால் கீறுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர். பழுப்பாக, பொடிப்பொடியாக இருந்தால் ஒரு சாண் கீழே, இன்னும் கீழே, தூர் வரை கீறிக்கொண்டே வாருங்கள். நடுக்கோடை வரை அவகாசம் கொடுங்கள்.

தண்டு முழுக்கச் செத்திருந்தாலும் இளமரமாக இருந்தால் வேரோடு பிடுங்க வேண்டாம். தரையிலிருந்து ஒரு விரற்கடை விட்டு வெட்டிவிடுங்கள். வேர் பிழைத்திருந்தால் அடுத்த சில வாரத்தில் தூரைச் சுற்றிக் கொத்தாகக் குருத்து கிளம்பும். அந்த வருஷம் எல்லாவற்றையும் விட்டு வையுங்கள், வேருக்கு இலை வேண்டும். அடுத்த குளிரில், தரைக்கு மிக நெருக்கமாக, நேராக வந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். ஒட்டுக் கட்டிய வகையானால் குருத்து ஒட்டுக்கு மேலிருந்து வந்ததா கீழிருந்து வந்ததா என்று பாருங்கள். கீழிருந்து வந்தது நீங்கள் வாங்கிய மரமாக இருக்காது, ஆனாலும் ஓக்தான்.